பொரி தின்ற எஞ்சின்

செப்டம்பர் 10, ஞாயிறு

இந்த நோட்டு எஞ்சினுக்கு மட்டும். சொந்த விஷயம் எதுவும் இதில் எழுதுவதாக இல்லை.

நேற்று தாராபுரத்தில் ஓட்டிப் பார்த்தோம். பதினோரு நிமிடம் நன்றாக ஓடியது. பன்னிரண்டாவது நிமிடம் இட்லிப் பானையைத் திறந்ததுபோல வெள்ளையாகப் புகை விட்டது. தண்ணீர் உள்ளே கசிகிறது. ஏதோ ஒரு சீல் போயிருக்கிறது.

கணபதிப் பகுதியில் முப்பத்திரண்டு வருடமாகப் பம்புகளுக்கு சீல் செய்து விற்கிறவன் நான். அவிநாசிலிங்கம் என்றால் கசிவை நிறுத்துகிறவன் என்று கோயமுத்தூரில் நாலு பேருக்குத் தெரியும். என் சொந்த விமானத்தில் கசிவு. பட்டறையில் பத்தொன்பது வருடமாக லேத் ஓட்டுகிற மாரப்பன் பக்கத்தில் நின்றுகொண்டு, "கசியுதுங்க மொதலாளி" என்றான். எனக்கென்ன கண் இல்லையா?

இன்னொரு செய்தி. விமானத்தை நிறுத்தியிருக்கும் தாராபுரம் ஓடுதளம் கைமாறிவிட்டது. பழைய மில் முதலாளி ஒருவர் தன் சின்ன விமானத்துக்காகப் போட்ட தளம் அது. டிசம்பர் முதல் தேதி சோலார் பலகை நடப்போகிறார்களாம். எங்கள் விமானத்துக்கு டில்லி கொடுத்திருக்கும் அனுமதி அந்த ஒரு தளத்துக்கு மட்டும்தான். நவம்பர் முப்பதுக்குள் பறந்தால் உண்டு. இல்லையென்றால் வேறு இடம் தேடி, முதலிலிருந்து விண்ணப்பம். விமானம் கட்ட எட்டு வருடம், அனுமதி வாங்க மூன்று வருடம் ஆயிற்று.

சுலோசனாவிடம் சொன்னேன். விரல் விட்டு எண்ணினாள். "இன்னொரு தடவ அனுமதி வர்றதுக்குள்ள எனக்கு அறுவது ஆயிருமுங்க" என்றாள். பிறகு காப்பி கொண்டுவந்து வைத்தாள். காப்பியில் சர்க்கரை இல்லை.

பின்னால் யாராவது படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்: விமானத்தைக் கட்டியவன் நான். ஓட்டப்போகிறவள் என் மனைவி சுலோசனா. எனக்கு ராட்டினத்தில் ஏறினாலே தலை சுற்றும். அவள் கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோதே தனியாகப் பறந்தவள். பெண் பார்க்கப் போன அன்று, "கல்யாணத்துக்கு அப்புறமும் பறக்கலாமுங்களா?" என்று கேட்டாள். கையில் பஜ்ஜி இருந்தது, வாயிலும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். இருபத்தொன்பது வருடம் கழித்து, இரண்டு வருடத்துக்கு முன், பெங்களூரில் இரண்டு மாதம் தங்கி உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேலே எழுதியது சொந்த விஷயம் அல்ல. பின்னணி.

செப்டம்பர் 12, செவ்வாய்

எஞ்சினைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்தோம். இது பழைய ஜப்பான் காரிலிருந்து எடுத்த ரோட்டரி எஞ்சின். மேலும் கீழும் குதிக்கிற பிஸ்டன் இதில் கிடையாது. மூன்று முனையுள்ள இரண்டு ரோட்டர்கள் கூட்டுக்குள் சுற்றும், அவ்வளவுதான். மாரப்பன் அவற்றை 'முன் சமோசா, பின் சமோசா' என்கிறான். திருத்திப் பார்த்தேன். இப்போது எனக்கும் அப்படித்தான் வருகிறது.

முனைக்கு முனை சீல், மூலைக்கு மூலை சீல், விளிம்புக்கு விளிம்பு சீல். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்பிரிங். எண்ணெய் வளையங்களைச் சேர்க்காமலே முப்பத்தாறு ஸ்பிரிங். எல்லாவற்றையும் அடுக்கி, பதினெட்டு நீளப் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். மாரப்பன் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும்போது தொட்டுக் கும்பிடுகிறான். சபரிமலைப் படிக் கணக்காம்.

கசிவுக்குக் காரணம் தெரிந்தது. தண்ணீர் ஓடுகிற பக்கத்து ரப்பர் வளையம் ஓர் இடத்தில் முறுக்கி நசுங்கியிருக்கிறது. ரப்பர் தரமில்லை.

"அத மாட்டறப்ப நீங்க போன் பேசீட்டிருந்தீங்க" என்றாள் சுலோசனா.

ரப்பரும் தரமில்லை.

செப்டம்பர் 18, திங்கள்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பதினாறு.

சமையலறையில் சுலோசனா முக்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வலது கையில் கரண்டியை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயிற்சியாம். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எஞ்சின் நின்னா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"மூக்கக் கொஞ்சம் எறக்கி, எதுத்தாப்பல எந்தக் காடு தோட்டம் இருக்குதோ அதுல எறக்கிருவனுங்க."

"காட்டுல தென்னை மரம் இருந்தா?"

"ரெண்டு மரத்துக்கு நடுவால."

றெக்கையின் அகலம் இருபத்தெட்டு அடி. தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடிதான் விடுவார்கள். மாலையில் தளத்துப் பக்கம் போய் டேப் வைத்து அளந்து பார்த்தேன். சும்மா ஒரு தகவலுக்காக. தோட்டக்காரர் தோப்பை விலைக்குக் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

செப்டம்பர் 29, வெள்ளி

புது ரப்பர் வளையம் போட்டுக் கட்டி முடித்தாயிற்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

பட்டறை வாசலில் எஞ்சினை இரும்புச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி ஓட்டினோம். ரோட்டரிக்குத் தொண்டை பெரிது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா வந்து கையை ஆட்டி ஐந்து நிமிடம் திட்டினார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. நான் வணக்கம் சொன்னேன். பதிலுக்கு அவரும் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்பத்தைந்து நிமிடம். ஒரு சொட்டுக் கசிவில்லை. சூடு ஏறவில்லை. அழுத்தம் இரண்டு சமோசாவின் எல்லா முகத்திலும் சமம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சந்தோஷம் என்றுதான் எழுத வேண்டும்.

அக்டோபர் 5, வியாழன்

டில்லி அனுப்பிய விமானப் பரிசோதகர் பட்டறைக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தார். சுலோசனாவிடம் இருபது கேள்வி கேட்டார். இருபதுக்கும் பதில் சொல்லிவிட்டு அவருக்கே இரண்டு கேள்வி வைத்தாள். "அருமை மேடம்" என்றார்.

போகும்போது என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். 'இந்த எஞ்சின் என் கையால் கட்டப்பட்டது, பறப்பதற்குத் தகுதியானது என்று உறுதி கூறுகிறேன்.' அடியில் ஒரு கோடு. கட்டியவன் கையெழுத்துப் போட்டுவிட்டால், எஞ்சினை விமானத்தில் மாட்டிய அன்றைக்கே பறக்கலாம். முதல் பறப்பில் ஓட்டுகிறவர் மட்டும். அடுத்த பறப்பிலிருந்து எஞ்சினைக் கவனிக்கக் கட்டியவரும் உடன் போகலாம் என்று கீழே ஒரு விதி. அது எனக்குப் பொருந்தாது. ராட்டின விஷயத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். பேனா சரியாக எழுதவில்லை. பட்டறை மேசையில் வைத்துப் பிரித்துத் துடைத்தேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

அக்டோபர் 7, சனி

பெரிய ஆபத்து தப்பியது. பட்டறை மேசையில் ஒரு ஸ்பிரிங் கிடக்கிறது! கட்டி முடித்த எஞ்சின், வெளியே ஒரு ஸ்பிரிங். அப்படியானால் உள்ளே முப்பத்தைந்துதான் இருக்க வேண்டும்.

மாரப்பன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இது நம்ம எஞ்சின் ஸ்பிரிங் மாதிரியே இல்லீங்களே மொதலாளி. அதெல்லாம் பட்டையா, நெளிநெளியா இருக்கும். இது சுருட்டை முடி மாதிரி நீட்டமா இருக்குது."

லேத் ஓட்டுகிறவனுக்கு ஸ்பிரிங்கைப் பற்றி என்ன தெரியும்? சந்தேகம் என்று வந்துவிட்டால் பிரித்துவிட வேண்டும். சுலோசனாவிடம் சொன்னேன். அவள் ஸ்பிரிங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பிரிங்க" என்றாள்.

அக்டோபர் 13, வெள்ளி

பிரித்து எண்ணினோம். முப்பத்தாறும் இருக்கின்றன. இரண்டு முறை எண்ணினேன். மாரப்பன் ஒரு முறை எண்ணினான். மர்மமாக இருக்கிறது.

மேசையிலிருக்கும் பேனாவை வேறு இப்போது அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே தங்கிவிடுகிறது. காலம் கெட்டுக் கிடக்கிறது, ஒரு சாமானும் நிலையாக உழைப்பதில்லை.

அக்டோபர் 14, சனி

மாரப்பன் காலையில் வந்ததும் மேசை ஸ்பிரிங்கை எடுத்து, பேனாவுக்குள் போட்டு, இரண்டு முறை டக் டக்கென்று அழுத்திக் காட்டினான். பிறகு லேத் பக்கம் போய்விட்டான். பத்தொன்பது வருடப் பழக்கம், மரியாதை தெரிந்தவன்.

மறுபடி கட்ட ஆரம்பித்திருக்கிறோம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. நேற்று மாலையோடு எஞ்சின் முடிந்தது. கார்புரேட்டர் மட்டும் மாட்ட வேண்டும்.

லேத், டிரில்லிங், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் குளியல், சந்தனம், குங்குமம், மாலை. எஞ்சினில் காற்று போகிற வாயைச் சுற்றி மாரப்பன் அழகாகப் பொட்டு வைத்தான். வாயைத் துணியால் மூடி, துணிக்கும் ஒரு பொட்டு. பூசணிக்காய் உடைத்தோம். எல்லோருக்கும் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தேன். இன்று ஸ்பேனரைத் தொடக்கூடாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து பட்டறையில் இந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

"கடலையவே பொறுக்கிப் பொறுக்கித் தின்னுட்டு, வெறும் பொரிய எந்தலைல கட்டாதீங்க" என்று சுலோசனா வருஷா வருஷம் சொல்வதை இந்த வருஷமும் சொல்லிவிட்டு, நாளைக்கே கையெழுத்துப் போட்டால் வியாழக்கிழமை காற்று நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனாள். போகும்போது எஞ்சினை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தாள். மாட்டைத் தட்டுகிற மாதிரி, பிரியமாக.

மத்தியானம் எல்லோரும் போன பிறகு பொட்டலத்தோடு எஞ்சின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். கடலை தீர்ந்துவிட்டது. கையைத் தட்டிவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 25, புதன்

கார்புரேட்டரை மாட்டுவதற்கு முன், பழக்கத்தை விடாமல், ஸ்டார்ட்டரைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். பின் சமோசாவின் ஒரு முகத்தில் பாதி அழுத்தம்தான் இருக்கிறது.

மாரப்பன் டார்ச் அடித்து, சாமணத்தை உள்ளே விட்டு, எதையோ எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகர்ந்தான்.

"மொதலாளி, பொரி."

அக்டோபர் 26, வியாழன்

எலிதான். கணபதியில் எலிக்குப் பஞ்சமா? துணியை விலக்கி, பொரியை இழுத்துக்கொண்டுபோய் எஞ்சினுக்குள் சேர்த்து வைத்திருக்கிறது.

"வெலக்கின துணிய மறுக்கா சொருகி வெச்சுட்டுப் போயிருக்குதுங்களே" என்றான் மாரப்பன்.

கெட்டிக்கார எலி.

காற்று இன்றைக்கு மிக நன்றாக இருந்தது. சுலோசனா மாடியில் நின்று வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணி காயப்போட்டாள். எனக்கு அவளைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. எலியின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அக்டோபர் 28, சனி

எலிப்பொறி வாங்கி மசால் வடை வைத்தோம்.

அக்டோபர் 31, செவ்வாய்

எலிப்பொறியில் மாரப்பனின் கட்டை விரல் அகப்பட்டது. வடையைப் புதுசாக மாற்றத்தான் கையை விட்டானாம். பழைய வடையைக் காணோம்.

நவம்பர் 2, வியாழன்

முழுக்கப் பிரித்தாயிற்று. பொரி எண்ணெயில் ஊறி, நசுங்கி, போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஆகி விளிம்பு சீல்களை அசையவிடாமல் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவ வேண்டும். நல்ல பொரியாக அகப்பட்டதையெல்லாம் மாரப்பன் ஒரு பாட்டில் மூடியில் சேகரித்து வைத்திருக்கிறான், எதற்கென்று தெரியவில்லை.

இன்னும் எப்படியும் மூன்று வாரம் ஆகும். நவம்பர் முப்பது தாண்டினாலும் தாண்டும். மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 6, திங்கள்

"எத்தன நாளாகுமுங்க?" என்று சுலோசனா கேட்டாள்.

விளிம்பு சீல் நாலு கீறியிருக்கிறது, ஜப்பானிலிருந்து வரவழைக்க வேண்டும், கப்பலில் ஒரு மாதமாவது பிடிக்கும் என்று விளக்கிச் சொன்னேன்.

உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு முழு செட். நாலு வருடத்துக்கு முன் நானே வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அவளிடம் கொடுத்ததாம்.

நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. சுலோசனா மைசூர்பாகு செய்திருந்தாள். கல் மாதிரி இருந்தது. வேண்டுமென்றே செய்திருப்பாளோ?

நவம்பர் 14, செவ்வாய்

எழுதுவதா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தாள். கேரியரை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மாரப்பனைக் கூப்பிட்டாள்.

"ஏப்பா, ஆயுத பூஜைக்குப் பொட்டலத்துல என்னென்ன போட்டே?"

"பொரி, பொட்டுக்கடலை, தேங்காச் சில்லு, நாட்டுச் சக்கரைங்க அக்கா."

"எஞ்சினுக்குள்ள இருந்து எத்தன பொரி எடுத்தே?"

"நசுங்கினது போக முப்பத்தெட்டுங்க." பாட்டில் மூடியைக் கொண்டுவந்து காட்டினான். அதற்குத்தான் சேகரித்திருக்கிறான், பாவி.

"தேங்காச் சில்லு?"

"ரெண்டு இருந்துச்சுங்க."

"கடலை?"

மாரப்பன் கூரைத் தகரத்தைப் பார்த்தான். "ஒண்ணுகூட இல்லீங்கக்கா."

"டீ வாங்கீட்டு வந்தர்றனுங்க" என்று மாரப்பன் கிளம்பினான். டீக்கடை எதிரில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் டீ வந்தது.

"எந்த ஊரு எலியுங்க கடலைய மட்டும் பொறுக்கித் தின்னுட்டுப் பொரிய எஞ்சினுக்குப் போடும்?" என்றாள். "ஆயுத பூஜ அன்னிக்கு ஸ்பேனரத் தொடக்கூடாதுன்னு கையாலயே போட்டுட்டீங்களாக்கும்?"

கேரியரைத் திறந்தேன். மூடினேன். அழுத்தம் பார்க்காமல் எஞ்சினை வெளியே விடுகிறவன் நான் இல்லை, எப்படியும் கண்டுபிடித்திருப்பேன், உனக்கு ஆபத்து வர விட்டிருப்பேனா என்று சொன்னேன். வியாழக்கிழமை மட்டும் தள்ளிப்போனால் போதும் என்றுதான் போட்டேன் என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"நான் பறக்கறது உங்களுக்குப் புடிக்கலீனா அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லொ? பஜ்ஜி தின்னுட்டுத் தலைய ஆட்டுனீங்க. முப்பத்தொரு வருசமா அந்தத் தலையாட்டலத்தான் நம்பீட்டிருக்கறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். மனசில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டேன்.

"சுலோ, நான் பண்ணுன சீல் கசியாம இருந்ததே இல்ல. நாலு வருசமோ பத்து வருசமோ, எல்லாச் சீலும் ஒரு நாள் கசியும். கெணத்துப் பம்புல கசிஞ்சா தண்ணி சொட்டும். போன் பண்ணித் திட்டுவாங்க, போய் மாத்திக் குடுத்துட்டு வருவேன். நீ மேல இருக்கறப்பக் கசிஞ்சா நான் எங்க போய் மாத்தறது? எனக்குப் பயமா இருக்குது. வேற எவனாச்சும் கட்டுன எஞ்சினா இருந்தா உன்னத் தைரியமா அனுப்பியிருப்பேன்."

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தினாள்.

"வேற எவனாச்சும் கட்டியிருந்தா நான் ஏறியே இருக்க மாட்டனுங்க" என்றாள்.

பிறகு கேரியரைத் திறந்து சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டு பேரும் சாப்பிட்டோம். எழுந்து கை கழுவும்போது, "இன்னைக்குத் தேதி பதினாலு" என்றாள்.

நவம்பர் 15, புதன்

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பின்பக்கத்தில் சீல் இடைவெளி அளவுகள் இருக்கின்றன. கிழிக்க முடியாது.

நவம்பர் 18, சனி

கட்ட ஆரம்பித்தோம். இந்த முறை சுலோசனாவும் உட்கார்ந்தாள். நான் மாட்டுகிறேன், அவள் சத்தமாக எண்ணி எழுதுகிறாள். சீல்கள் சரிந்து விழாமல் நிற்க வாஸ்லின் தடவ வேண்டும். பட்டறை டப்பா தீர்ந்திருந்தது. கைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்தாள். எஞ்சின் இப்போது ரோஜா வாசம் அடிக்கிறது.

இருபத்திரண்டாவது ஸ்பிரிங்கில் என் கை வழுக்கிவிட்டது. ஸ்பிரிங் தெறித்து எங்கோ போய்விட்டது. மூன்று பேரும் தரையில் தவழ்ந்தோம். அரைமணி நேரம் கழித்து மாரப்பனின் சட்டைப் பையிலிருந்து கிடைத்தது. அவன்மேல் தப்பில்லை, தானாகப் போய் விழுந்திருக்கிறது. அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.

"பொறுமையாப் பண்ணுங்க" என்றாள். அவசரப்படுத்தியிருந்தால்கூட எனக்குத் திட்டுவதற்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

நவம்பர் 19, ஞாயிறு

முப்பத்தாறு. பதினெட்டு போல்ட். மூடியாயிற்று. அழுத்தம் ஆறு முகத்திலும் சமம்.

காற்று வாயைத் தன் கையாலேயே மூடி, துணியைச் சுற்றிக் கயிறு போட்டு, மூன்று முடிச்சுப் போட்டாள். "எலி வருமல்லொ" என்றாள். மாரப்பன் திரும்பி நின்று சிரித்தான். முதுகு குலுங்குவது தெரிந்தது.

நவம்பர் 22, புதன்

மழை.

நவம்பர் 23, வியாழன்

மழை. இதற்கு நான் காரணமில்லை என்று அவளிடம் சொன்னேன். "தெரியுமுங்க" என்றாள்.

நவம்பர் 24, வெள்ளி

மழை வெறித்தது. எஞ்சினைத் தாராபுரம் கொண்டுபோய் விமானத்தில் மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினோம். பக்கத்திலேயே நின்று காது கொடுத்துக் கேட்டேன். குறையே இல்லை. ஓடுதளத்தின் ஓரமெல்லாம் சோலார்க்காரர்கள் கம்பி கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்டார்கள்.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். வீட்டைச் சுற்றி விளக்கு வைத்தாள். பொரி உருண்டை பிடித்தாள்.

கூடத்து மேசையில் பரிசோதகரின் தாளை வைத்து, பக்கத்தில் ஒரு பேனாவையும் வைத்திருந்தாள். மூடி போட்ட பேனா. அதில் ஸ்பிரிங் கிடையாது.

நான் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தேன். 'என் கையால் கட்டப்பட்டது.' விளக்கு வைத்து முடிக்கிற வரைக்கும் அவள் இந்தப் பக்கமே வரவில்லை. பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் போட்டிருக்க மாட்டேனோ என்னவோ. போட்டுவிட்டேன். பெயர் முழுக்க எழுதி, தேதி போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தேன். கோடு கொஞ்சம் கோணல்.

நவம்பர் 28, செவ்வாய்

காலை ஏழு இருபது. காற்று ஓடுதளத்துக்கு நேராக. மேகமில்லை.

சல்வார் கமீஸ், கேன்வாஸ் ஷூ, பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்திருந்தாள். விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தாள். என் கையில் ஒரு பொரிகடலைப் பொட்டலத்தைக் கொடுத்து, "ஒரு கால் மணி நேரம். பொறுக்கித் தின்னுட்டிருங்க, வந்தர்றேன்" என்றாள்.

"ஏ சுலோ, சத்தம் ஏதாச்சும் மாறுச்சுன்னா..."

"எறக்கிருவனுங்க. தென்னந்தோப்புல எறக்க மாட்டேன். நீங்க அளந்துட்டு வந்ததத் தோட்டக்காரர் சொன்னாரு."

கிளம்பினாள். சக்கரம் தரையை விட்டபோது நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "போயிட்டாங்க மொதலாளி, போயிட்டாங்க!" என்று மாரப்பன் கத்தினான். எனக்கு உயிரே போய்விட்டது. "மேலங்க, மேல போயிட்டாங்க" என்றான். பத்தொன்பது வருடத்தில் அவனை அடிக்கலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

கண்ணைத் திறந்தேன். பக்கத்து மில் புகைபோக்கிக்கு மேலே சின்னதாகத் திரும்பிக்கொண்டிருந்தது. என் சமோசா இரண்டும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தன. சோலார்க்காரர்கள் கைதட்டினார்கள். மூன்று சுற்று வந்தாள். நாலாவது தேவையில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நாலாவதும் வந்தாள். பதினேழு நிமிடம். இறங்கி, உருண்டு வந்து, எங்கள் முன்னால் நின்று எஞ்சினை அணைத்தாள். சட்டென்று அமைதியானதில் தோப்புப் பக்கம் மயில் அகவுவது கேட்டது.

கதவைத் திறந்தாள். இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"என்னாச்சு? கசிஞ்சுதா?" என்றேன்.

"எஞ்சின் ஒண்ணும் கசியலீங்க" என்றாள்.

மாரப்பன் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மொதலாளி, பொட்டலம் காலிங்க." பார்த்தேன். கடலை, தேங்காய்ச் சில்லு, பொரி, எல்லாம் தீர்ந்திருந்தது. அடிக் காகிதத்தில் ஒரு பொரிகூட இல்லை. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாம். எஞ்சின் ஓடியதைவிட சுலோசனா அதற்குத்தான் அதிகம் ஆச்சரியப்பட்டாள்.

நவம்பர் 29, புதன்

எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் இருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் பார்த்தோம். வெளிப்பக்க மூடி. அரை முறுக்கு முறுக்கினேன், நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தும் வரவில்லை. பிரிக்க வேண்டியதில்லை.

"நாளைக்குத்தான் கடைசி நாளு" என்றாள். "அந்த ரெண்டாவது சீட்டு சும்மாதான இருக்குது?"

நவம்பர் 30, வியாழன், காலை ஆறு மணி

நான் எண்பத்திரண்டு கிலோ, அவள் ஐம்பத்தேழு. பெட்ரோல் இருபத்தைந்து லிட்டர். எடைக் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். சமநிலைக் கணக்கை இரண்டு முறை. பரிசோதகரின் தாளில், கட்டியவரும் உடன் போகலாம் என்கிற அந்த விதியையும் எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.